பதிவேடு இல்லாத சர்வாதிகாரம்: குயர் டிஸ்டோப்பியா வெப்காமிக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குயர் டிஸ்டோப்பியா வெப்காமிக் என்றால், பால்புதுமையினரை ஒடுக்கும் ஒரு கொடுங்கோல் உலகைப் பற்றிய இணையப் படக்கதை. அதன் முதல் மூன்று எபிசோடை வரைந்து முடித்துவிட்டு "பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பவர்களின் பக்கங்களில் ஒரே தவறுகள் மாறி மாறி வருகின்றன. இந்த வேலையில் சில காலம் இருப்பவர்கள் எல்லாரும் தொடக்கத்தில் செய்த தவறுகள்தான். எழுத்துப்பிழை பாருங்கள், சொன்ன நாளில் வெளியிடுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள், அதை விட்டுவிடலாம். யாரும் சொல்லாததால் மாதக்கணக்கான உழைப்பைத் தின்றுவிடும் தவறுகளைப் பற்றியே இங்கே பேச்சு.

ஆட்சிக்கு அலுவலகம் இல்லாதது

எல்லாவற்றிலும் அதிக விலை கேட்பது இதுதான். இன்றும் எரிச்சலூட்டுவதும் இதுதான்.

கதை இப்படித் தொடங்கும். வானளாவிய கோபுரங்கள், அடைமழை, ஊதா நியான் வெளிச்சம், தலைக்கு மேல் ட்ரோன். சுவரொட்டியில் "தூய்மை ஆணையம்" என்று ஒரு பெயர். நாயகியும் அவள் காதலியும் சந்து சந்தாக ஓடுகிறார்கள். ஏன் துரத்துகிறார்கள்? ஆட்சிக்கு இவர்களைப் பிடிக்காது. இவர்கள் இன்னார் என்று ஆட்சிக்கு எப்படித் தெரிந்தது? யார் எழுதி வைத்தார், எந்த ஏட்டில்? தவறாக எழுதியிருந்தால் எந்த ஜன்னலில் போய் நிற்க வேண்டும்? ஒன்றுக்கும் பதில் இருக்காது.

பத்து எபிசோட் வரை இந்த ஓட்டை வெளியே தெரியாது. ஓட்டமும் முத்தமும் வாசகரை இழுத்துக்கொண்டு போகும். பதினைந்தாவது எபிசோடில் எதிர்ப்புக் குழு ஒரு நிலவறையில் கூடி, "அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்கும். கதை அங்கேயே படுத்துவிடும், ஏனென்றால் உடைப்பதற்கு அந்த உலகில் எதுவுமே இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு கோபுரம் வெடிக்கும், அல்லது தலைவி இரண்டு பக்கத்துக்குப் பேசுவாள். எபிசோடுக்கு 40 பேனல் (படக்கட்டம்) என்றால் அதற்குள் 600 பேனல் ஆகியிருக்கும். பேனலுக்கு ஒரு மணி நேரம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 600 மணி நேரம். பிறகு "சிறு இடைவேளை" என்று ஓர் அறிவிப்பு வரும், தொடர் அதோடு நின்றுவிடும். நல்ல கையும் நல்ல கண்ணும் உள்ளவர்கள் இப்படித் தீர்ந்துபோவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஒடுக்குமுறை நடப்பது காகிதத்தில். பிரிட்டிஷ் இந்தியாவின் 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதியைப் படியுங்கள். "யூனக்" (ஆண்மையற்றவர்) என்று அந்தச் சட்டம் பெயரிட்டவர்களில் சந்தேகத்துக்குரியவர் என்று கருதப்பட்டவரின் பெயரும் இருப்பிடமும் ஓர் ஏட்டில் ஏறும். சொத்து விவரமும் கேட்கப்படும். ஏட்டில் ஏறியவர் பெண்ணுடையில் தெருவில் தென்பட்டாலோ, பொது இடத்தில் ஆடினாலோ வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை. அவரால் உயில் எழுத முடியாது, பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது. ட்ரோன் வேண்டாம், கோபுரம் வேண்டாம். ஓர் ஏடு, அதில் எழுத அதிகாரம் உள்ள ஓர் ஆள், அவ்வளவுதான். இங்கே எதிர்ப்பு எங்கே தொடங்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏட்டில் பெயர் ஏறாமல் தப்பிப்பது, சொத்தை வேறு பெயருக்கு மாற்றி வைப்பது, கான்ஸ்டபிள் வருமுன் புடவையை மாற்றிக்கொள்வது. மூன்றும் மூன்று எபிசோட்.

இன்னொன்று, ஆம்ஸ்டர்டாம். நாஜி ஆக்கிரமிப்பில் எதிர்ப்பாளர்கள் போலி அடையாள அட்டை தயாரித்தார்கள். ஆனால் ஒவ்வொரு அட்டைக்கும் இணையான பிரதி நகரத்தின் மக்கள் பதிவகத்தில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் போலி வெளிப்பட்டுவிடும். ஆகவே பதிவகத்தையே அழிக்க முடிவு செய்தார்கள். 1943 மார்ச் 27 இரவு ஒரு குழு போலீஸ் சீருடையில் உள்ளே போனது. அதில் முன்னின்ற வில்லம் அரோன்டேயஸ் ஓவியர், தன்பாலீர்ப்பை மறைக்காதவர். அந்தச் சீருடைகளைத் தைத்த ஸ்யூர்ட் பாக்கரும் தன்பாலீர்ப்பாளர். திட்டமிடலில் இருந்த ஃப்ரீடா பெலின்ஃபான்டே லெஸ்பியன், செல்லோ இசைக்கலைஞர், அட்டைகளைப் போலியாகத் தயாரித்தவர். காவலர்களுக்கு மயக்க ஊசி போட்டு வெளியே கிடத்தினார்கள். அட்டைப் பெட்டிகளை இழுத்துக் கொட்டித் தீ வைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே தாமதித்தார்கள், வந்த பிறகு தேவைக்கு மேல் தண்ணீரை அடித்துக் காகிதங்களை ஊறவைத்தார்கள். அத்தனைக்கும் பிறகு அழிந்தது சுமார் 8 லட்சம் அட்டைகளில் 15 சதவீதம்தான். ஜூலை 1-ஆம் தேதி அரோன்டேயஸும் பாக்கரும் உட்பட 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியில் ஒவ்வொரு கைக்கும் ஒரு தொழில் இருக்கிறது: தையல், ஊசி, அச்சு, தண்ணீர்க் குழாய். பதிவகம் எப்படி இயங்கியது என்று தெரிந்திருந்ததால்தான் இத்தனை வேலைகளும் பிறந்தன. "ஆட்சி கொடியது" என்பதிலிருந்து மட்டும் ஒரு தையல்காரரைக் கதைக்குள் கொண்டுவர முடியாது.

எதிர்காலத் தொழில்நுட்பத்துக்கும் இதே விதி. அமெரிக்க விமான நிலைய உடல் ஸ்கேனரில் பல ஆண்டுகள் ஒரு வழக்கம் இருந்தது. ஊழியர் பயணியைப் பார்த்த மாத்திரத்தில் ஆண் அல்லது பெண் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்த வார்ப்புக்கு ஒத்துவராத உடற்பகுதியை இயந்திரம் சந்தேகத்துக்குரியதாகக் காட்டும். திருநர் பயணிகள் மறுபடி மறுபடி தடவிச் சோதிக்கப்பட்டார்கள். முகம் பார்த்துப் பாலினம் சொல்லும் மென்பொருள்களை 2019-ல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, திருநம்பிகளில் (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட ஆண்கள்) 38 சதவீதம் வரை பெண் என்று தவறாக வகைப்படுத்தப்பட்டார்கள். ஆண் பெண் இருமைக்குள் வராதவர்கள் அத்தனை பேரும் தவறாகவே வகைப்பட்டார்கள், அப்படி ஒரு கட்டமே அதில் இல்லையே. உங்கள் கதையின் கேமராவும் இப்படி எங்கே தப்பாகப் பார்க்கும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். அந்தத் தப்பில்தான் உங்கள் பாத்திரம் நுழைந்து வெளியேறும்.

செய்ய வேண்டியது எளிது. கதாபாத்திர வடிவமைப்புக்கும் முன்னால் ஓர் ஏ4 தாளில் அந்த உலகின் படிவம் ஒன்றை முழுதாக வரையுங்கள். தலைப்பு, துறையின் பெயர், வரிசை எண், கட்டங்கள், முத்திரைக்கு இடம். பாலினக் கட்டத்தில் எத்தனை தெரிவுகள்? அதை நிரப்புவது விண்ணப்பிப்பவரா, எழுத்தரா? பிரதி எங்கே போகிறது? புதுப்பிக்க எத்தனை மாதம்? அட்டை இல்லாவிட்டால் எது கிடைக்காது: ரேஷனா, வாடகை வீடா, மருந்தா? கடைசியாக, இந்தப் படிவத்தில் எழுத்தர் சோம்பலாகவோ இரக்கப்பட்டோ என்ன பிழை செய்யலாம்? இந்தத் தாளை நிரப்ப முடியாவிட்டால் முதல் பேனலைத் தொடாதீர்கள். நிரப்பிவிட்டால் அந்தத் தாளையே ஒரு பேனலாக வைக்கலாம்: ஆறாம் எண் பாலினக் கட்டத்துக்கு மேலே எழுத்தரின் பேனா நிற்கிறது, நிபில் மை திரள்கிறது. கோபுரம் செய்யாத வேலையை அந்த மைத்துளி செய்யும்.

வினைமுற்று காட்டிக்கொடுப்பது

ஆங்கில ஸ்கிரிப்டை மனதில் வைத்துக்கொண்டு தமிழில் எழுதுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். தமிழில் படர்க்கை வினை பாலைச் சொல்லிவிடும். ஒரு பாத்திரம் தன்னைப் பற்றி எட்டாவது எபிசோடில்தான் சொல்லப்போகிறது என்று திட்டமிட்டிருப்பார்கள். இரண்டாவது எபிசோடின் விவரிப்புப் பெட்டி "அவள் திரும்பிப் பார்த்தாள்" என்று முந்திரிக்கொட்டையாகச் சொல்லிவிடும்.

விவரிப்பைத் தன்மையில் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. "வந்தேன்" யாருக்கும் பொருந்தும். படர்க்கைதான் வேண்டும் என்றால் "அவங்க வந்தாங்க" என்ற பேச்சு வழக்கு இயல்பாகவே பால் காட்டாது. மரியாதை மட்டும் ஒட்டிக்கொள்ளும், அதையும் கதைக்குப் பயன்படுத்தலாம். எழுத்து வழக்கில் "அவர்" அதே வேலையைச் செய்யும். எதை எடுத்தாலும் எந்தப் பாத்திரத்துக்கு எது, எந்த எபிசோடிலிருந்து மாறுகிறது என்று ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்.

வன்முறைக்கும் இதே கருவி போதும். சோதனைச் சாவடியில் ஒரு திருநங்கையைப் பார்த்துக் காவலர் "டேய், நில்லுடா" என்றால் போதும், வசைச்சொல் எதுவும் தேவையில்லை. ஆட்சியின் கணினி ஒருவரை "அது உள்ளே வந்துவிட்டது" என்று அஃறிணையில் அறிவிக்கட்டும். வசைகளை அள்ளித் தெளிக்கும் பக்கங்களைவிட இது ஆழமாகக் குத்தும்.

சொற்களைப் பொறுத்தவரை, சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-ல் பாலினம், பாலீர்ப்பு குறித்த ஒரு கலைச்சொல் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அலுவலகமும் செய்தி வாசிப்பவரும் பேசும் இடங்களில் அந்த நடை பொருந்தும். நிலவறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் இருவர் அரசிதழ் நடையில் பேச மாட்டார்கள். திருநங்கையர் சமூகத்தை எழுதுவதாக இருந்தால் குரு, சேலா (சீடர்), ஜமாத் (சமூகக் குழு) என்று ஏற்கெனவே இயங்கும் உறவுமுறை இருக்கிறது. எதிர்ப்புக் குழுவை வெற்றிடத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எழுத்து உடைவது

எல்லா வரைதல் மென்பொருளும் தமிழைச் சரியாகக் கோக்காது. வாங்கும் முன் "கொடி", "போராட்டம்", "மௌனம்" மூன்றையும் தட்டச்சு செய்து பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போனாலோ, புள்ளி வட்டம் தோன்றினாலோ அதில் லெட்டரிங் (வசன எழுத்து) வேண்டாம். படத்தை அங்கே வரைந்து, எழுத்தை இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் சேருங்கள். பழைய பதிப்பு ஃபோட்டோஷாப் என்றால் டைப் அமைப்பில் "வேர்ல்ட்-ரெடி லேஅவுட்" தேர்ந்திருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் ஸ்கிரிப்டில் ஒரு சொல்லைக்கூட யூனிகோட் தமிழில் தேடித் திருத்த முடியாது. யூனிகோடிலேயே இருங்கள். காவிவனர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன.

800 பிக்சல் அகலப் பக்கத்தில் எழுத்து 34 பிக்சலுக்குக் கீழே போனால் போனில் "ண"வும் "ன"வும் ஒன்றாகிவிடும். மேலே விசிறி, கீழே உகரச் சுழி இருப்பதால் வரி இடைவெளி 1.4 மடங்காவது வேண்டும். அழுத்தம் கொடுக்கத் தடித்த எழுத்து போதும், சாய்த்தால் படிக்க முடியாது. குமிழை முதலில் வரைந்துவிட்டு வசனத்தைத் திணிக்காதீர்கள். "கண்காணிக்கப்படுகிறார்கள்" என்ற ஒரே சொல் குமிழின் முழு அகலத்தையும் கேட்கும். பேச்சில் அது "பாத்துட்டே இருக்காங்க" என்று இரண்டு வரியில் அடங்கிவிடும்.

திரையை அளக்காதது

போனின் 20:9 திரையில் 800 அகலத்துக்கு 1778 பிக்சல் உயரம் தெரியும், பிரௌசர் பட்டைகள் போகச் சுமார் 1500. ரகசியம் வெளிப்படும் ஒரு பேனலை அதற்கு முந்தைய பேனலிலிருந்து 500 பிக்சலில் வைத்தால், வாசகர் கதவைப் பார்க்கும்போதே கதவுக்குப் பின்னால் நிற்பவரையும் பார்த்துவிடுவார். சாதாரண இடைவெளி 200, காட்சி மாற்றம் 600 முதல் 1000, அதிர்ச்சிக்கு ஒரு முழுத் திரை. 1600 அகலத்தில் வரைந்து பாதியாகச் சுருக்குங்கள். தளத்தில் ஏற்ற 1280 உயரத் துண்டுகளாக வெட்டும்போது குமிழின் நடுவே வெட்டு விழாமல் பாருங்கள்.

உடல் எபிசோடுக்கு எபிசோட் மாறுவது

தலைமறைவில் ஹார்மோன் மருந்து தீர்ந்துவிடுகிறது என்பது இந்த வகைக் கதைகளில் அடிக்கடி வரும் திருப்பம். ஐந்து பக்கத்தில் உடல் "பழையபடி" ஆகிவிடும். அப்படி நடக்காது. டெஸ்டோஸ்டிரோனால் தடித்த குரல் மருந்தை நிறுத்தினாலும் தடித்தபடியேதான் இருக்கும், மாதவிடாய் மட்டும் சில மாதங்களில் திரும்பலாம். ஈஸ்ட்ரோஜன் எடுப்பதால் குரல் மாறாது, முளைத்துவிட்ட தாடியும் மறையாது. தலைமறைவில் இருக்கும் திருநங்கைக்கு சவரக்கத்தி எங்கிருந்து வருகிறது என்பது மருந்தைவிட அன்றாடமான கேள்வி. மார்பை இறுக்கும் பைண்டரை நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் அணிய வேண்டாம், அதோடு தூங்க வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. உங்கள் நாயகன் மூன்று நாள் அதைக் கழற்றாமல் கூரை கூரையாகத் தாவினால் விலா வலிக்க வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். அந்த வலியை வரையுங்கள்.

முன்கதைப் போர்

2147-ல் நடந்த போரின் வரலாறு முதல் பேனலில் வேண்டாம்.

வானவில்

பாத்திரங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். வானவில் கொடி இல்லாமல் யார் யாரென்று தெரியவில்லையென்றால் வடிவமைப்பு முடியவில்லை.

காதலியைக் கொல்வது

நாயகிக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காக மட்டும் என்றால், கூடாது.

நிஜ முகங்களை வரைவது

பேரணிக் காட்சிக்குப் புகைப்படங்களை வைத்து வரைவார்கள். 2009-லிருந்து நடக்கும் சென்னை வானவில் சுயமரியாதைப் பேரணி போன்றவற்றில் முகமூடியோடு நடப்பவர்களும் இருப்பார்கள், வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள். முகமூடி இல்லாதவர்களும் உங்கள் காமிக்கில் அடிபடும் கூட்டமாக வரச் சம்மதிக்கவில்லை. நிற்கும் விதத்தை, கொடியைப் பிடித்த கையை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தை நீங்களே உருவாக்குங்கள். புனைபெயரில் வெளியிடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கோப்பின் ஆசிரியர் விவரம், நன்கொடைப் பக்கத்தில் தெரியும் வங்கிக் கணக்குப் பெயர், ஏற்றும் மின்னஞ்சல். இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் உண்மைப் பெயர் கசிகிறது. முதல் எபிசோடுக்கு முன்பே, நண்பர் ஒருவரின் போனில் உங்கள் பக்கத்தைத் திறந்து, பணம் அனுப்பும் கடைசித் திரை வரை போய்ப் பாருங்கள்.

கையிருப்பு

எட்டு எபிசோட் முடியாமல் முதலாவதை வெளியிடாதீர்கள்.