பழைய பிரெஞ்சு பளிங்கு விளக்கு வைத்திருப்பவர்கள் செய்யக் கூடாதவை

பளிங்கு உடம்பும் தங்க முலாம் பூசிய வெண்கல வேலைப்பாடும் கொண்ட பழைய பிரெஞ்சு விளக்கு கையில் கிடைத்ததும் எல்லோரும் செய்யும் முதல் காரியம், பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்ப்பது. தயவுசெய்து வேண்டாம். மேலே இருப்பது தங்கம், அதுவும் மிக மெல்லிய பூச்சு. தங்கத்தைப் பாதரசத்தில் கலந்து குழைத்து, வெண்கலத்தில் தடவி, நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்து முலாம் பூசுகிறவர்கள் நோயில் விழுந்து செத்தார்கள். பாரிஸில் வெண்கல வேலையில் பெயர் பெற்ற ராவ்ரியோ 1814-இல் இறந்தபோது, இவர்களைக் காப்பாற்ற வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு என்று எழுதிவைத்துவிட்டுப் போனார், 1818-இல் தார்செ என்ற வேதியியலாளர் நச்சுப் புகையை வெளியே இழுக்கும் அடுப்பை வடிவமைத்து அதைப் பெற்றார். அவ்வளவு விலை கொடுத்துப் பூசிய தங்கம் ஒரே மதியத்தில் துணியோடு வந்துவிடும்.

இன்னொன்று, எல்லா இடமும் மின்னுவதற்காகச் செய்ததல்ல. ஒரு வெண்கல இலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: இலையின் பரப்பு மங்கலாக இருக்கும், நரம்பும் விளிம்பும் மட்டும் அகேட் கல்லால் தேய்த்துப் பளபளக்கும். அந்த வித்தியாசம்தான் வேலையின் உயிர், பாலிஷ் போட்டால் அதுவும் போச்சு. மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினாலே பெரும்பாலும் போதும்.

புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பளிங்கு கால்சியம் கார்பனேட், புளிப்பு பட்ட இடம் அரித்து வெளுத்துப்போகும், துடைத்தால் போகாது. உங்களுடையது அலபாஸ்டர் என்றால் தண்ணீரே ஆகாது. நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மெத்தென்ற கல் அது, தண்ணீரிலும் மெல்லக் கரையும்.

வாங்கும்போது செய்யும் தவறு, முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது. விளக்கைக் கவிழ்த்து அடியையும் பாருங்கள். முலாம் உரிந்த இடத்தில் மஞ்சளாக இல்லாமல் சாம்பல் நிறம் தெரிந்தால் அது வெண்கலமில்லை, துத்தநாக வார்ப்பு. திருகுகளையும் கவனிக்க வேண்டும், கையால் வெட்டிய பழைய திருகுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் பெயரால் வழங்கும் பாணி என்றதும் அவர் காலத்தது என்று நம்பிவிடாதீர்கள், 1852–1870 மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் அந்தப் பாணியை மறுபடியும் ஏராளமாகச் செய்தார்கள், அவற்றிலும் அருமையான வேலை உண்டு, ஆனால் விலை வேறு. கிரீடம் வைத்த ‘சி’ (C) என்ற எழுத்து முத்திரையைக் காட்டி விலை ஏற்றுவார்கள். அது 1745 முதல் 1749 வரை மட்டும் இருந்த வரி முத்திரை, பதினாறாம் லூயி பட்டத்துக்கு வந்ததோ 1774-இல், அப்புறம் அவர் காலத்து விளக்கில் அது எப்படி இருக்கும்?

நிறைய விளக்குகள் பிறக்கும்போது மெழுகுவர்த்தித் தாங்கியாகவோ சும்மா அலங்கார ஜாடியாகவோ இருந்தவை, பின்னால் மின்சாரம் ஏற்றியவை. ஒயர் இழுக்க புதிதாக ஓட்டை போட்டால் பொருளின் மதிப்பு அங்கேயே விழுந்துவிடும். மெழுகுவர்த்திக் குழியில் பொருத்தும் பல்பு ஹோல்டர் கிடைக்கிறது, ஒயரை வெளியே விட்டுக்கொள்ளலாம். துணி சுற்றிய பழைய ஒயரில் மட்டும் பிளக் மாட்டிப் பார்க்க வேண்டாம். உடம்பு முழுக்க உலோகம், புது ஒயரும் எர்த்தும் போட்ட பிறகே ஸ்விட்ச். சூடு குறைந்த எல்இடி பல்பு நல்லது.

தூக்கும்போது கைப்பிடியையோ மேல்பகுதியையோ பிடிக்காதீர்கள், அவை வெறும் அலங்காரம். பெரும்பாலானவற்றில் கல்லும் வெண்கலமும் துண்டு துண்டாக அடுக்கி, நடுவே ஓடும் ஒரே இரும்புக் கம்பியில் நட்டுப் போட்டு நிறுத்தியிருக்கும். அடிப்பாகத்தை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்க வேண்டும். ஆட்டம் கண்டால் அந்த நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கும் ஆசை வரும், அப்படி இறுக்கித்தான் நல்ல பளிங்கெல்லாம் விரிசல் விடுகிறது. விரலால் திருகி நிற்கும் அளவு போதும், அதற்கும் ஆடினால் பழம்பொருள் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, கல்லுக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய தோல் வாஷர் வைத்துத் தரச் சொல்லுங்கள்.