மேசியா வசனங்களை இரண்டு தடவை வாசியுங்கள்

பழைய ஏற்பாட்டில் இயேசுவைப் பற்றிய தீர்க்கதரிசனங்களைப் படிக்கலாம் என்று உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு பட்டியலைத்தான். இந்தப் பக்கம் தீர்க்கதரிசனம், அந்தப் பக்கம் அது நிறைவேறிய வசனம். நானும் அப்படி ஒன்றொன்றாக டிக் அடித்துக்கொண்டே போய் ஓசியா 11:1-இல் மாட்டிக்கொண்டேன். எகிப்திலிருந்து என் குமாரனை வரவழைத்தேன் என்ற வரியை மத்தேயு 2:15 குழந்தை இயேசுவுக்குப் பொருத்துகிறது, ஆனால் ஓசியாவைத் திறந்தால் அது வரப்போவதைச் சொல்லும் வசனமே இல்லை. இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வந்த பழைய கதை அது, அடுத்த வசனத்திலேயே அவர்கள் பாகால்களுக்குப் பலியிடுகிறார்கள்!

மத்தேயு தவறவில்லை, நான்தான் ஒரே தடவை வாசித்திருந்தேன். அதனால் ஒவ்வொரு பகுதியையும் இரண்டு தடவை வாசியுங்கள். முதல் தடவை அன்றைக்கு அதைக் கேட்டவர்களின் காதால். இரண்டாம் தடவை புதிய ஏற்பாட்டில் இருந்து பின்னோக்கி. ஓசியாவை அப்படி வாசித்துவிட்டு மத்தேயுவுக்கு வந்தால் அவர் என்ன செய்கிறார் என்று புரியும்: எகிப்து, தண்ணீர், வனாந்தரம் என்று இஸ்ரவேலின் கதையை இயேசு மறுபடி நடந்து காட்டுகிறார், 40 வருடத்துக்கு 40 நாள், சோதனைக்காரனுக்குச் சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்தில் இருந்து. 'நிறைவேறியது' என்ற சொல்லுக்குள் 'நிறை' இருக்கிறது அல்லவா, மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லும் நிரப்புவதைத்தான் குறிக்கிறது.

கன்னிகை கர்ப்பவதியாகி ஒரு குமாரனைப் பெறுவாள் என்ற ஏசாயா 7:14-க்கும் இதே வழிதான். 14-ஆம் வசனத்தை மட்டும் பிடுங்காமல் அதிகாரத்தை முதலில் இருந்து படியுங்கள். கி.மு. 735 வாக்கில் சீரியாவும் வட இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேம்மேல் வருகின்றன, அங்கே ஆளும் யூதாவின் ராஜா ஆகாஸ் நடுங்கிப்போயிருக்கிறான். பிள்ளைக்கு நன்மை தீமை தெரிவதற்குள் அந்த இரண்டு ராஜாக்களின் தேசமும் பாழாகும் என்பது 16-ஆம் வசனம். கி.மு. 732-இல் தமஸ்கு அசீரியர் கையில் விழுந்தது. எபிரெயத்தில் உள்ள 'அல்மா' இளம்பெண்ணைக் குறிக்கும் சொல், 'கன்னி' என்ற பொருள் அழுத்தமாக வருவது கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில். அதை மொழிபெயர்த்தவர்கள் யூதர்கள், அதுவும் இயேசுவுக்கு முன்பே. மத்தேயு கையில் எடுத்தது அந்த வாசகத்தை. இதையெல்லாம் மறைத்துவிட்டு வாதாடப் போனால் விஷயம் தெரிந்த ஒரு யூத வாசகர் இரண்டே கேள்வியில் உங்களை மடக்கிவிடுவார்.

'மேசியா' என்ற சொல்லைப் பார்த்ததும் துள்ளவும் வேண்டாம். அபிஷேகம்பண்ணப்பட்டவர் என்றுதான் பொருள். சவுலுக்கும் அந்தப் பெயர் உண்டு, ஏசாயா 45:1-இல் பாரசீக ராஜா கோரேசுக்கும் உண்டு.

சரி, மீட்பு. என்னைக் கேட்டால் தொடங்க வேண்டிய இடம் இதுதான். அடகு வைத்ததை மீட்பது நமக்குத் தெரிந்த பேச்சு, மீட்கிறவனைக் குறிக்கும் எபிரெய 'கோயேல்' அதோடு உறவையும் சேர்க்கிறது. ஒருவன் ஏழையாகி நிலத்தை விற்றாலோ தன்னையே விற்றாலோ நெருங்கிய சொந்தக்காரன் வந்து மீட்கலாம் என்பது லேவியராகமம் 25. ரூத் 4-இல் முதல் உரிமைக்காரன் தன் சொத்துக்குக் கேடு வரும் என்று நழுவிக்கொள்கிறான், இன்னொரு உறவினரான போவாஸ் முன்வருகிறார். நம் பழைய தமிழ் வேதாகமம் ரூத்தில் 'சுதந்தரவாளி' என்றும் யோபு 19:25-இல் 'மீட்பர்' என்றும் போட்டிருப்பதால் இரண்டும் ஒரே சொல் என்பது கண்ணில் படாமலே போகிறது. ஏசாயா கடவுளையே இஸ்ரவேலின் கோயேல் என்று திரும்பத் திரும்ப அழைக்கிறார். மீட்கிறவன் சொந்தக்காரனாக இருக்க வேண்டும் என்றால், கடவுள் மனிதருக்குச் சொந்தக்காரர் ஆவது எப்படி? அவரும் மாம்சமும் இரத்தமும் உடையவரானார் என்ற எபிரெயர் 2:14-ஐ இதற்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

இயேசுவின் சிலுவைக்குப் பொருத்தப்படும் சங்கீதம் 22:16-இன்மேல் மட்டும் பெரிய வாதம் எதையும் கட்டாதீர்கள். கைகளையும் கால்களையும் 'உருவக் குத்தினார்கள்' என்று நாம் வாசிக்கும் இடத்தில் வழக்கமான எபிரெயப் பாடம் 'சிங்கத்தைப்போல' என்கிறது.

கடைசியாக ஏசாயா 53, மற்றவர்களுக்காகப் பாடுபடும் கடவுளின் தாசனைப் பற்றிய பகுதி. தொடங்க வேண்டியது 52:13-இல். 1947-இல் சாக்கடல் பக்கத்துக் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயாச் சுருள் இயேசுவுக்கு ஏறக்குறைய நூறு வருடம் முந்தியது, அதனால் பிற்பாடு கிறிஸ்தவர்கள் எழுதிச் சேர்த்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தாசன் யார் என்பதைச் சுருள் சொல்லாது. 49:3 தாசனை இஸ்ரவேல் என்றே அழைக்கிறது, 11-ஆம் நூற்றாண்டின் யூத விளக்கவுரையாளர் ராஷியும் 53-ஐ அப்படித்தான் வாசித்தார். ஆனால் 49:6-இல் அதே தாசன் இஸ்ரவேலைத் திருப்பிக் கொண்டுவருகிறான், அப்படியானால் அவன் இஸ்ரவேலுக்குள் இருக்கும் இன்னொருவன் அல்லவா என்பது கிறிஸ்தவ வாசிப்பின் பிடி. 40 முதல் 55 வரை ஒரே மூச்சில் படியுங்கள், ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. அப்புறம் அப்போஸ்தலர் 8-க்குப் போங்கள். அங்கே ரதத்தில் உட்கார்ந்திருக்கும் எத்தியோப்பிய மந்திரி பிலிப்புவிடம் கேட்பதும் இதைத்தான்: தீர்க்கதரிசி யாரைப் பற்றிச் சொல்கிறார், தன்னைப் பற்றியா, வேறொருவரைப் பற்றியா?