லேத் பட்டறையில் ஒரே ஒரு பீஸ் செய்து வாங்குவது எப்படி?

தங்கை பானை வனையக் கற்றுக்கொண்டாள். மோட்டாரில் ஓடும் சக்கரம் ஒன்றை வீட்டிலேயே செய்து தருகிறேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். மோட்டார், பெல்ட், புல்லி எல்லாம் கடையில் கிடைத்தன. ஃபிரேம் வெல்டிங் பட்டறையில் முடிந்தது. கடையில் கிடைக்காதவை மூன்று: சுழலும் தண்டான ஷாஃப்ட், பேரிங்கைத் தாங்கும் கூடான ஹவுசிங், மேலே மண் வைக்கும் அலுமினியத் தட்டு. கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு, உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத் பட்டறை இருக்கிறது. அப்படியும் ஹவுசிங்கை இரண்டு தடவை செய்ய வேண்டி வந்தது. முதல் தடவை எங்கே தவறியது, இரண்டாம் தடவை எப்படிச் சரியாக வந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

1. வரைபடம்

கணினியில் வரைந்த முப்பரிமாணப் படம் இதற்குத் தேவையில்லை. சாதாரண லேத்தில் வேலை செய்பவருக்குக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்த படம்தான் கைக்கு வசதி. ஒரு பீஸுக்கு ஒரு தாள், எல்லா அளவும் மில்லிமீட்டரில். போனில் காட்டாதீர்கள். எண்ணெய்க் கையோடு அவர் எத்தனை தடவை திரையைத் தொட முடியும்? தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுங்கள்.

முக்கியமான அளவுகளை மட்டும் சிவப்பு மையில் எழுதி, பக்கத்திலேயே அது எதற்கு என்று குறியுங்கள்: ‘இங்கே பேரிங் உட்காரும்’, ‘இது சும்மா வெளியே நிற்கும்’. எல்லா அளவுக்கும் துல்லியம் கேட்டால் கூலி ஏறும். நிஜமாகத் துல்லியம் வேண்டிய இடமும் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

2. பேரிங் உட்காரும் இடம்

எனக்கு அடி விழுந்தது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் எடுத்தது 6205 பேரிங், இரண்டு. களிமண் தண்ணீர் தெறிக்கும் என்பதால் இருபுறமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகை. உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. ஹவுசிங் படத்தில் வெறுமனே ‘52’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். துளை 52.08 வந்தது. பேரிங் உள்ளே போய்க் கடகடவென்று ஆடியது. “52 தானுங்க போட்டிருக்கீங்க” என்றார் பட்டறைக்காரர். அவர் சொன்னது சரி. எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு குறிக்காத அந்த அளவுக்கு, பொது அளவுத் தரத்தின் வழக்கமான நடுத்தர வகுப்பில் 0.3 மி.மீ கூடவோ குறையவோ இருந்தாலே ஒத்துக்கொள்வார்கள்.

துளைக்குள் சுற்றிலும் புள்ளி புள்ளியாகப் பஞ்ச் அடித்து இறுக்கித் தருவதாகவும் சொன்னார். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாளில் புள்ளிகள் நசுங்கிப் பேரிங் மறுபடி ஆடும், மையமும் விலகும்.

இரண்டாவதாகப் போன பட்டறையில் பெரியவர் ஒருவர். என் கையிலிருந்த பேரிங்கை வாங்கி, வேஸ்ட் துணியால் துடைத்து, நம்பரைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இதுல எது சுத்தும்? உள்ளயா, வெளியயா?”

“உள்ளதான் சுத்துதுங்கண்ணா.”

“அப்ப ஷாஃப்ட்ல டைட்டா இருக்கோணும், ஹவுசிங்ல கையில தள்ளுனா போகோணும். பேரிங்க வெச்சுட்டுப் போங்க.”

இதையே அளவு வரம்புக் குறியீட்டிலும் எண்ணிலும் எழுதினால், ஷாஃப்டுக்குக் கே6, அதாவது 25.002 முதல் 25.015 வரை. ஹவுசிங்குக்கு ஹெச்7, அதாவது 52.000 முதல் 52.030 வரை. எண்ணைப் படத்தில் எழுதுங்கள், பேரிங்கையும் கையில் கொடுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் பேரிங்கைக் கொடுங்கள்.

நான் வைத்துவிட்டுப் போகவில்லை, அங்கேயே நின்று பார்த்தேன். கடைசிக் கட்டுக்கு (டூலால் சீவி எடுக்கும் ஒரு சுற்றுக்கு) முன்னால் லேத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். காரணம் அப்புறம்தான் புரிந்தது. பீஸ் 30 டிகிரி சூடேறினால் 52 மி.மீ இரும்புத் துளை ஏறக்குறைய 18 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரிந்திருக்கும். நமக்கு இருக்கும் இடமே 30 மைக்ரான். சூட்டோடு அளந்து முடித்தால், ஆறியதும் துளை சுருங்கிவிடும். திரும்பி வந்து தொட்டுப் பார்த்தார், மெல்லிசாக ஒரு கட்டு எடுத்தார், பேரிங்கை நேராகப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினார். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

இன்னொன்று. இரண்டு பேரிங்கும் உட்காரும் துளையை ஒரே பிடியில் கடையச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முடித்துத் திருப்பிப் பிடித்தால் இரண்டு மையமும் நேர்கோட்டில் வருவது கஷ்டம். நான் படத்தையே மாற்றிவிட்டேன்: படி எதுவும் வேண்டாம், முழு நீளத்துக்கும் 52 துளை. கீழ்ப் பேரிங்கை மட்டும் சர்க்கிளிப் (காடிக்குள் உட்காரும் வளையக் கிளிப்) போட்டு நிறுத்தி, மேல் பேரிங்கின் வெளி வளையத்தை அப்படியே விட்டேன்.

3. சரக்கு

ஷாஃப்டுக்கு ஈஎன்8 வகை எஃகு போதும். ராடு கடையில் எடை போட்டுத்தான் தருவார்கள். மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். பேரிங்குகளுக்கு நடுவே ஷாஃப்ட் 30 மி.மீ தடிமன் என்பதால் 32 மி.மீ ராடு எடுத்தேன்: மீட்டருக்கு 6.3 கிலோ. ஷாஃப்ட் 350 மி.மீ நீளம்தான் என்றாலும், லேத்தின் பிடியான சக்கில் பிடிக்க இடம் விட்டு 370 வெட்டி வாங்கினேன்.

4. பேச்சும் கூலியும்

ஒரு பீஸுக்கு இவ்வளவா என்று தோன்றும். டூல் மாட்டி, லேத்தை வேலைக்குத் தயார் செய்யும் நேரம் ஒரு பீஸுக்கும் நூறு பீஸுக்கும் ஒன்றுதான். அந்த நேரத்துக்குத்தான் கூலி. தொகையை முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள், வேலை முடிந்த பிறகு குறைக்கக் கேட்காதீர்கள். படத்தில் தப்பு என்றால் மறு வேலைக்கும் கூலி கொடுப்பதுதான் முறை. ஆயுத பூஜைக்கு முந்தின வாரமும் தீபாவளியை ஒட்டியும் போகாதீர்கள். கம்பெனி வேலை குவிந்து கிடக்கும், உங்கள் பீஸ் மூலையில் கிடக்கும்.

5. வாங்கும்போது

வெர்னியரை மட்டும் நம்பாதீர்கள், மைக்ரோமீட்டரில் பாருங்கள். 25 மி.மீ ஷாஃப்டுக்கு 0–25 மைக்ரோமீட்டரைக் கொண்டுபோனால் சரியாக அங்கேதான் அளவு முடியும். 25–50 வேண்டும். டிஜிட்டலை விட, பேட்டரி தேவைப்படாத சாதாரண மைக்ரோமீட்டர்தான் எனக்குப் பிடிக்கும்.

ஷாஃப்டில் பேரிங்கை ஏற்றும்போது ஒரு பைப்பை உள் வளையத்தில் மட்டும் வைத்துத் தட்டுங்கள். வெளி வளையத்தில் தட்டினால் அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் விழும். அப்புறம் அந்தப் பேரிங் சத்தம் போட்டுக்கொண்டேதான் இருக்கும்.

அலுமினியத் தட்டைத் தனியாகக் கடைந்து வாங்கினால், மாட்டியதும் விளிம்பு மேலும் கீழும் ஆடலாம். ஷாஃப்டில் இறுக்கிய பிறகு, ஷாஃப்டோடு சேர்த்து லேத்தில் போட்டு ஒரு ஃபேசிங் எடுக்க (மேல்முகத்தைச் சமமாகச் சீவ) சொல்லுங்கள். மண்ணை மையத்தில் நிறுத்தும்போது அந்த வித்தியாசம் கையில் தெரிகிறது என்று தங்கை சொன்னாள்.

சேர்ப்பு: இதைப் படித்துவிட்டு ஷாஃப்ட் செய்த ஒருவர், ஷாஃப்டின் தடிமன் மாறும் படியில் பேரிங் முழுதாக ஒட்டாமல் நூலிழை இடைவெளி நிற்கிறது என்று எழுதியிருந்தார். படியின் மூலையில் டூல் விட்ட வளைவுதான் காரணம். 6205-இன் உள் விளிம்பு வளைவு குறைந்தது 1 மி.மீ. ஷாஃப்ட் மூலையின் வளைவு அதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலையில் ஒரு சின்னக் காடி எடுக்கச் சொல்லுங்கள். என் படத்தில் இது இல்லை, பெரியவர் தானாகவே எடுத்துக் கொடுத்திருக்கிறார். இப்போது படத்தில் சேர்த்துவிட்டேன்.

இன்னொரு சேர்ப்பு: புல்லி ஷாஃப்டில் நழுவாமல் இருக்கச் சாவி (இரும்புத் துண்டு) உட்காரும் சாவிக்காடி வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். 25 மி.மீ ஷாஃப்டுக்கு 8 மி.மீ அகலச் சாவி. ஷாஃப்டில் மில்லிங் போட்டு எடுத்துவிடலாம், புல்லிக்குள் எடுக்க ஸ்லாட்டிங் மெஷின் வேண்டும். எல்லா லேத் பட்டறையிலும் அது இருக்காது. வேறு இடத்துக்கு அனுப்பி வாங்கித் தருவார்கள், இரண்டு நாள் கூடும். அரை ஹெச்பி மோட்டாருக்கு நான் ஷாஃப்டில் ஒரு பக்கம் தட்டையாக்கி, கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) இரண்டு போட்டு நிறுத்தினேன். இதுவரை நழுவவில்லை.