அம்மாவின் பழைய காதல் கடிதங்கள் கையில் கிடைத்தால்

ஒரு கடிதக் கட்டு கிடைத்திருக்கும். இல்லையென்றால் ஒரே ஒரு போட்டோ, அதன் பின்புறம் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டிராத ஒரு பெயர். உடனே படம் பிடித்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடக் கை பரபரக்கும். போனைக் கீழே வையுங்கள். முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

ஆவணக் காப்பகம் ஒன்றில் பழைய தாள்களைச் செப்பனிடுவது என் வேலை. "அப்பா பெட்டியில இருந்தது, கொஞ்சம் பாருங்களேன்" என்று தெரிந்தவர்கள் கொண்டுவந்து நீட்டுவார்கள். என் வீட்டிலும் அப்படி ஒரு கட்டு அகப்பட்டது. அது அம்மாவுடையது.

பெயரைத் தேடும் முன் தேதியைத் தேடுங்கள். கடிதத்தில் 'செவ்வாய், இரவு' என்று மட்டும் இருந்தால் உறையைத் திருப்புங்கள். அஞ்சல் முத்திரையில் ஊரும் நாளும் இருக்கும். உறை வேறு, கடிதம் வேறு என்று பிரித்து அடுக்கவே கூடாது என்பது இதனால்தான். முத்திரை மங்கலாக இருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடியுங்கள். அழுத்திக் குத்தியிருந்தால் பள்ளம் நிழலாகத் தெரியும். தேதிக்கு ஏன் இவ்வளவு பாடு? "எங்கப்பா எங்கம்மாவை ஏமாத்திட்டாரு" என்று கலங்கிப்போய் வந்த ஒருவரின் கட்டைப் பிரித்தால், எல்லா முத்திரையும் அவர்கள் கல்யாணத்துக்கு முந்தையவை. அப்பாவும் ஒரு காலத்தில் இளைஞனாக இருந்திருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். தேதி கல்யாணத்துக்குப் பிந்தையது என்றால் கதை வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

எவ்வளவு படிக்கலாம்? என்னைக் கேட்டால், அது என்ன என்று தெரிகிற அளவுக்கு மட்டும். எழுதியதும் வாங்கியதும் உயிரோடு இருக்கும் மனிதர்கள் என்றால் அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். படித்ததை மறக்க வழி கிடையாது. அம்மாவின் கடிதக் கட்டில் எனக்குக் கண்ணில் பட்டது எழுத்து அல்ல, மடிப்புகள். மற்ற தாள்கள் மொடமொடப்பாக இருக்க, ஒரு கடிதம் மட்டும் மடிப்புகள் நைந்து, நடுவில் ஓட்டை விழுந்து, எடுத்தால் நாலாகிவிடும் போலிருந்தது. திரும்பத் திரும்பப் பிரித்து மடித்தால்தான் தாள் அந்த நிலைக்கு வரும். அது எனக்குப் போதுமாக இருந்தது.

பேசுவதானால் மற்றவர் யாரும் இல்லாத நேரத்தில் பேசுங்கள். எதிரில் உட்கார்ந்து விசாரிக்காதீர்கள். பக்கத்தில் நடந்துகொண்டோ கை வேலை ஏதாவது செய்துகொண்டோ சொல்வது நல்லது. முகத்தைப் பார்க்காதபோது வாய் திறப்பது எளிது. நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, பீரோ மேல இருந்த பெட்டியில ஒரு கட்டு இருந்துச்சு. நான் படிக்கலை. எடுத்துத் தரவா, அங்கயே வைக்கவா?" அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்தக் குண்டூசி துருப்பிடிச்சிருக்குமே" என்றாள். ஆமாம், பிடித்திருந்தது.

அதற்கு மேல் அவசரப்படக் கூடாது. 'அவர் யார்' என்று கேட்டால் பதில் ஒற்றை வார்த்தையில் முடிந்துவிடும். 'அப்ப நீ எங்க தங்கியிருந்த, வேலைக்கு எப்படிப் போவ' என்று காலத்தைக் கேளுங்கள். நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு 10 வயதிலிருந்து 30 வரையிலான நினைவுகளே அதிகமாக மேலெழுந்து வரும் என்பது உளவியலில் நன்கு தெரிந்த விஷயம். ஆளும் அந்தக் கதைக்குள் தானாக வந்து சேர்வார். வராவிட்டால் விட்டுவிடுங்கள். "உங்களுக்கு ஏன் அது?" என்று அப்பா கேட்டால், அதுவும் ஒரு முழுமையான பதில்தான்.

மறதி நோய் வந்த பெற்றோர் விஷயம் தனி. அண்மை நினைவுகள் முதலில் போகும், பழையவை நெடுநாள் தங்கும். அதனால் கணவர் பக்கத்தில் நிற்கையிலேயே அம்மா வேறொருவர் பெயரைச் சொல்லி அழைக்கலாம். திருத்தாதீர்கள், துருவாதீர்கள். மனம் நோவது பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்கு. அவரோடு போய் உட்காருங்கள்.

தேதி கல்யாண வாழ்க்கைக்குள் விழுந்தால், அந்த ரகசியத்தை இன்னொரு பெற்றோரிடம் கொண்டுபோகிற தூதராக நீங்கள் ஆகாதீர்கள். சம்பந்தப்பட்டவரிடம் முதலில் சொல்லுங்கள். 'எனக்குத் தெரியும், நீங்களே சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்' என்பதற்கு மேல் உங்களுக்கு வேலை இல்லை. எங்கோ ஒரு பிள்ளை இருக்கிறது என்ற பேச்சு வந்தால் மட்டும் ஊகத்தில் நிற்க முடியாது. ஆனால் டிஎன்ஏ பரிசோதனை முடிவையும் நிதானமாகப் படியுங்கள். அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் ஒன்றான பாதி உடன்பிறப்புக்கும் உங்களுக்கும் டிஎன்ஏவில் சுமார் 25 சதவீதம் ஒத்திருக்கும். அத்தை, மாமா, சித்தப்பாவுக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். எண்ணை மட்டும் பார்த்து உறவைத் தீர்மானித்துவிட முடியாது, வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொத்து என்று வந்தால் வக்கீலிடம் போங்கள், உறவினர்களிடம் அல்ல.

அந்த இன்னொருவரை முகநூலில் தேடாதீர்கள். தேடினாலும் செய்தி அனுப்பாதீர்கள். அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கும், அவர் பிள்ளைகளுக்கு உங்கள் அம்மாவின் பெயர் தெரிந்திருக்காது. கடிதங்களை வெளியிடும் யோசனை இருந்தால் அதற்குச் சட்டமே குறுக்கே நிற்கிறது. தன் கடிதங்களை அச்சிட்ட புத்தக வியாபாரி மீது கவிஞர் அலெக்சாண்டர் போப் தொடுத்த வழக்கில், 1741-லேயே இங்கிலாந்து நீதிமன்றம் சொல்லிவிட்டது: கடிதத் தாள் அதைப் பெற்றவருக்குச் சொந்தம், வெளியிடும் உரிமை எழுதியவருக்கு. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பொதுவாக எழுதியவர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை அந்த உரிமை அவர் வாரிசுகளுக்கு உண்டு.

வைத்துக்கொள்வதென்று முடிவானால்: ஊசி, கிளிப், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுங்கள். துருப்பிடித்த ஊசியைப் பிடுங்கக் கூடாது, தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி மெதுவாக நகர்த்த வேண்டும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். பேனா மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும், ஈரக் கையோடு தொட வேண்டாம். போட்டோவின் பின்னால் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சில்.

அம்மாவோ அப்பாவோ எரித்துவிடு என்றால் எரியுங்கள். காப்பக வேலை பார்ப்பவள் இதைச் சொல்வது எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. ஆனாலும் பதுக்கி ஒரு நகல் எடுத்துவைக்காதீர்கள். அவர்களே தீக்குச்சி கிழிக்க விரும்பினால் ஜன்னலைத் திறந்துவிட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள்.