ஏழு இருக்கை வண்டி வாங்கப் போனால் அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள்

எங்கள் இரண்டாவது பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மதிய உணவு நேரத்தில் நான் மட்டும் போய் ஏழு இருக்கை வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்து, முன்பணமும் கட்டிவிட்டு வந்தேன். வீட்டில் வேறு யாரும் அதில் ஏறிப் பார்க்கவில்லை. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வண்டி வந்து நின்ற அன்று, பேரப்பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார ஆசைப்பட்டு அம்மா மூன்றாவது வரிசைக்குப் போகப் பார்த்தார். நடு இருக்கையை மடித்தபோது கிடைத்த சந்தில் ஒரு காலை வைத்தார். இன்னொரு கால் தரையிலேயே நின்றது. முட்டி மடங்கவில்லை. "நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன், ஐயா" என்றார்.

நம் ஆட்கள் பெரிய வண்டி வாங்கும்போது செய்கிற முதல் தவறு இதுதான். இருக்கைகளை எண்ணுகிறோம், எந்த இருக்கையில் யார் உட்காரப் போகிறார் என்று எண்ணுவதில்லை. விற்பனைக் கூடத்துக்கு மொத்தக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போக வெட்கப்பட வேண்டாம். குழந்தை இருக்கைகளையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

குழந்தை இருக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தனியார் கார்களில் அது கட்டாயம். இரண்டு பிள்ளைகளுக்கும் இருக்கை பொருத்தினால் அவை நடு வரிசையின் இரண்டு ஓரங்களிலும்தான் போய் உட்காரும். குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. மூன்றாவது வரிசைக்கு வழிவிட மடிய வேண்டியதும் அதே ஓர இருக்கைதான். குழந்தை இருக்கையை மாட்டிய பிறகு அது மடியாது. ஏழு பேர் வண்டி ஐந்து பேர் வண்டியாகிவிடும். அந்த ஐந்தாமவரும் இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு நடுவே தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். கைக்குழந்தையைப் பின்நோக்கி உட்கார வைக்கும் வகை என்றால் இன்னொரு சங்கடம்: அது முன்னிருக்கையை முன்னே தள்ளிவிடும், நெடுங்கால்காரர்கள் முன்னால் உட்கார முடியாது.

ஆகவே வாங்கும் முன் இரண்டு குழந்தை இருக்கைகளையும் மாட்டிவிட்டு மூன்றாவது வரிசைக்குப் போய்ப் பாருங்கள். நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு இருக்கைகள் உள்ள வண்டிகளில் இடையே நடந்து போகலாம். புரோட்டோன் எக்ஸ் 90 வண்டியில் அப்படி ஆறு இருக்கை வகை உண்டு. ஓர் இருக்கை குறைந்தாலும் உட்காரும் ஆள் கூடுகிறது. விற்பவர்கள் இந்தக் கணக்கைத் தாமாகச் சொல்வதில்லை.

அடுத்தது சாமான். எல்லா இருக்கைகளும் நிமிர்ந்து நிற்கும்போது பின்னால் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். 2022இல் வந்த இரண்டாம் தலைமுறை பெரோடுவா அல்ஸாவில் மூன்றாம் வரிசையை மடித்தால் 498 லிட்டர். மடிக்காவிட்டால் 137 லிட்டர். அதில் குழந்தையின் தள்ளுவண்டியை வைத்துவிட்டால் பால்மாவு டின்னுக்கு இடம் தேட வேண்டியதுதான். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது முறுக்கு டின்கள் யாருடைய மடியில் வரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சோதனை ஓட்டத்தில் நானும் விற்பனையாளரும் மட்டும் இருந்தோம். சமதளச் சாலை, பத்து நிமிடம். வண்டி பறந்தது. அதே வண்டி ஆறு பேரையும் பைகளையும் சுமந்துகொண்டு, ஏர்கோன் முழுவேகத்தில் ஓட, ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறியபோது லாரிகளுக்குப் பின்னால் மூச்சிரைத்தது. 1.5 லிட்டர் எஞ்சின் கூடாது என்று சொல்லவில்லை. நகருக்குள் தாராளமாகப் போதும். ஆனால் ஆட்களை ஏற்றி, முடிந்தால் ஒரு மேட்டுச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நிறைசுமைக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவருகே ஒட்டிய தாளில் இருக்கும். நம்மில் பலர் அதைப் படிப்பதே இல்லை. பிற்பகல் வெயிலில் மூன்றாவது வரிசையில் பத்து நிமிடம் உட்கார்ந்தும் பாருங்கள். குளிர்காற்று அங்கே எட்டாவிட்டால் பிள்ளைகள் ரவாங் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பார்கள்.

பணத்தில் நடக்கும் தவறு எல்லாருக்கும் தெரிந்ததுதான், தெரிந்தே செய்கிறோம். மாதத் தவணை குறைகிறது என்று ஒன்பது ஆண்டுக் கடனில் கையெழுத்துப் போடுகிறோம். 70,000 ரிங்கிட் கடனுக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலை வட்டி, அதாவது கட்டக் கட்டக் குறையாமல் முழுத் தொகைக்கும் போடும் வட்டி, என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு என்றால் வட்டி 10,500 ரிங்கிட், மாதம் சுமார் 1,342. ஒன்பது ஆண்டு என்றால் மாதம் சுமார் 823, வட்டியோ 18,900. இன்று பால் குடிக்கும் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போதுதான் அந்தக் கடன் முடியும். சாலை வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டோல் மட்டும் ஆறுதல்: சிறிய காருக்கும் இதற்கும் ஒரே கட்டணம்.

நிறுத்துமிடத்தை அளக்காமல் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். பெரோடுவாவின் சிறிய காரான மைவியை விட அல்ஸா அரை மீட்டருக்கு மேல் நீளம். பழைய அடுக்குமாடிகளில் இரு தூண்களுக்கு நடுவே கதவைத் திறந்து குழந்தையைத் தூக்க முடியுமா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். முடியாவிட்டால் நகர்த்தும் கதவு உள்ள வண்டியைத் தேடுங்கள்.

பழைய வண்டி என்றால் வெள்ளத்தில் நின்றதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் எத்தனை கார்கள் மூழ்கின என்பதைக் கண்ணால் பார்த்தோம். இருக்கை வாரைக் கடைசி வரை இழுங்கள். இருக்கையைக் கழுவிவிடலாம், வாரின் உள்பகுதியில் படிந்த சேற்றுக்கறையைப் பலர் மறந்துவிடுவார்கள்.

இன்னொரு யோசனையும் உண்டு, எனக்கு அது பிந்தித்தான் வந்தது. போன மூன்று மாதத்தில் ஐந்து பேருக்கு மேல் எத்தனை நாள் ஒன்றாகப் போனோம்? இரண்டு மூன்று நாள்தான் என்றால், அந்த நாள்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பதே மலிவு.

நாங்கள் வாங்கிவிட்டோம், கடனும் ஓடுகிறது. இப்போது பாகான் செராய்க்குப் போகும்போது மனைவி ஓட்டுகிறாள், அம்மா முன்னால். ஒல்லியான அப்பா இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு நடுவே. மூத்தவனின் இருக்கையைக் கழற்றி, மூன்றாவது வரிசைக்குள் என்னை அனுப்பிவிட்டு மறுபடியும் மாட்டுகிறார்கள். தாப்பா ஓய்விடம் வரும்வரை என்னால் இறங்க முடியாது.