ரை தானியம் பெல்வெடேர் வோட்கா ஆகும் கதை, படிப்படியாக

வோட்காவுக்கு மணமும் கிடையாது, சுவையும் கிடையாது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். போலந்தின் உயர்ரக வோட்காவான பெல்வெடேர் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். தானியத்தின் மணம் கடைசிவரை கொஞ்சம் தங்க வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே அத்தனை பாடும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இது புரிந்துகொள்வதற்கான விளக்கம். வீட்டில் காய்ச்சிப் பார்க்க வேண்டாம். சாராய ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். உரிமம் இல்லாமல் காய்ச்சுவது பெரும்பாலான நாடுகளில் குற்றமும்கூட.

படி 1: தானியம்

பெல்வெடேருக்கு மூலப்பொருள் ரை மட்டும்தான். கோதுமைக்கு உறவான தானியம் இது. கடுங்குளிரையும் மணல் கலந்த மண்ணையும் தாங்கி வளரும். அதில் டான்கோவ்ஸ்கியே என்ற போலந்து ரகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'போலந்து வோட்கா' என்று புட்டியில் போட்டுக்கொள்ளச் சட்டமே இருக்கிறது. ரை, கோதுமை, பார்லி, ஓட்ஸ், டிரிட்டிக்கேலி (கோதுமையும் ரையும் கலந்த கலப்பினத் தானியம்), உருளைக்கிழங்கு இவற்றில் ஒன்று, போலந்து மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். தயாரிப்பும் அங்கேயே நடக்க வேண்டும்.

படி 2: ஊறல்

தானியத்தை அரைத்து, தண்ணீர் விட்டு வேக வைத்தால் கூழாகும். ஈஸ்டால் மாவுச்சத்தை நேரடியாகத் தின்ன முடியாது. அதனால் நொதிகளைச் சேர்த்து அதைச் சர்க்கரையாக உடைக்கிறார்கள். ஆறிய பிறகு ஈஸ்ட் சேர்த்தால், சில நாட்களில் சர்க்கரை ஆல்கஹாலாக மாறிவிடும். இப்போது கையில் இருப்பது பீர் போன்ற லேசான ஊறல்.

படி 3: வடித்தல்

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். ஊறலில் உள்ள ஆல்கஹாலான எத்தனால் 78 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கும், தண்ணீர் 100-ல். ஊறலைச் சூடாக்கினால் ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாகும். அதைக் குளிர்வித்தால் வடிநீர் கிடைக்கும். உயரமான வடிகோபுரத்துக்குள் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் ஆவி குளிர்ந்து, மறுபடி கொதித்து, மேலே போகப் போகத் தூய்மையாகும். மூக்கைக் குத்தும் இலகுவான பொருள்களையும், கனமான எண்ணெய்ப் பொருள்களையும் தனியே பிரித்துவிடுவார்கள்.

பெல்வெடேரை நான்கு முறை வடிக்கிறார்கள். குறைத்தால் கரடுமுரடாக இருக்கும். கூட்டிக்கொண்டே போனால் ரையின் குணமே கழன்றுவிடும். புட்டியில் 'பத்து முறை வடித்தது' என்று பார்த்தாலே உயர்ந்தது என்று நம்பிவிடாதீர்கள். எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் கைத்திறன்.

இது நடக்கும் இடம் வார்சாவுக்கு மேற்கே உள்ள ஷிரார்துஃப் நகரம். 1910-ல் தொடங்கிய வடிசாலை அது. பெல்வெடேர் என்ற பெயரில் வோட்கா வந்தது என்னவோ 1993-ல்தான். வார்சாவின் பெல்வெதேர் மாளிகைதான் பெயருக்கும் புட்டியில் உள்ள படத்துக்கும் மூலம்.

படி 4: தண்ணீர்

வடித்து முடித்த சாராயத்தில் ஆல்கஹால் சுமார் 96 சதவீதம் இருக்கும். அதை 40-க்கு இறக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆனால் சேர்த்து அளந்தால் இரண்டரை லிட்டர் வராது, 2.4 லிட்டர்தான் வரும்! இரண்டு மூலக்கூறுகளும் ஒன்றுக்கொன்று நெருங்கி உட்கார்ந்துகொள்வதுதான் காரணம்.

சரி, புட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் என்றால் அது எப்படிப்பட்ட தண்ணீர் என்பது முக்கியமில்லையா? இவர்கள் சொந்த ஆர்ட்டீசியன் கிணற்று (நிலத்தடி அழுத்தத்தால் நீர் தானே மேலெழும் கிணறு) நீரை எடுத்து, தாதுக்களை நீக்கிச் சேர்க்கிறார்கள். சர்க்கரையோ வேறு சேர்மானமோ கிடையாது. அப்புறம் வடிகட்டிப் புட்டியில் அடைப்பதுதான் பாக்கி.

படி 5: ருசித்துப் பார்த்தல்

ஃப்ரீசரில் வைத்துக் கடுங்குளிராக்கினால் மணம் அடங்கிவிடும். அறை வெப்பத்திலேயே சிறிய கிளாஸில் கொஞ்சம் ஊற்றுங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் விடாமல் சற்றுத் தள்ளி முகருங்கள். சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள், மணம் விரியும். பிறகு ஒரு சிறு மிடறு. ரை ரொட்டியின் வாசம், லேசான வனிலா, கடைசியில் மிளகு போன்ற காரம். பக்கத்தில் கோதுமையில் செய்த கிரே கூஸ் வோட்காவும், உருளைக்கிழங்கில் செய்த ஷோப்பன் வோட்காவும் துளித்துளி இருந்தால் இன்னும் நல்லது. கண்ணை மூடிக்கொண்டு எது ரை என்று சொல்லிப் பாருங்கள்.