பள்ளி மூடியிருக்கும் நாட்களில் பள்ளியை ஒன்றாக வைத்திருப்பது எப்படி?

இணையவழி வகுப்புக்கு மாறும் உயர்நிலைப் பள்ளிகள் முதலில் கையில் எடுப்பது கால அட்டவணையைத்தான். எந்தப் பாடம் எத்தனை மணிக்கு, எந்தச் செயலியில், இணைப்பை யார் அனுப்புவது என்பதெல்லாம் இரண்டே நாட்களில் முடிவாகிவிடும். ஆனால் பாடத்துக்கு வெளியே பள்ளியில் நடந்துகொண்டிருந்த ஒன்று அந்த அட்டவணையில் வருவதில்லை. முகம் வாடி வந்த மாணவியைப் பக்கத்தில் இருப்பவள் என்னவென்று கேட்பாள். இரண்டு நாள் வராத மாணவரைப் பற்றி மூன்றாம் நாள் வகுப்பாசிரியர் விசாரிப்பார். நூலகத்தில் தினமும் வந்து உட்காருகிறவர் வராவிட்டால் நூலகர் கவனிப்பார். இந்தக் கவனிப்பை யாரும் யாருக்கும் வேலையாக ஒப்படைத்ததில்லை; எல்லாரும் ஒரே கட்டடத்தில் இருந்ததால் அது தானாக நடந்தது. கட்டடம் இல்லாதபோது அது தானாக நடக்காது என்பதால், இன்ன மாணவரை இன்னார் கவனிப்பார் என்று பெயர் சொல்லி ஒப்படைப்பதுதான் பள்ளியின் முதல் வேலை.

2020 ஏப்ரலில் பள்ளிகளும் கல்லூரிகளும் ஒரே நேரத்தில் மூடப்பட்டபோது, 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வீட்டில் இருந்ததாக யுனெஸ்கோ கணக்கிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான யுனிசெஃப் அறிக்கை, அவர்களில் குறைந்தது 46.3 கோடிப் பிள்ளைகளுக்குத் தொலைவழிக் கல்வி எட்டவே இல்லை என்றது. வெள்ளம், தொற்று, காற்று மாசு என்று எந்தக் காரணத்துக்காகப் பள்ளி மூடப்பட்டாலும், திரையில் தெரியும் முகங்கள் மட்டுமே பள்ளி அல்ல என்பதை இந்த எண்ணிக்கை நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

தொடர்புப் பதிவேடு

சேர்க்கைப் படிவத்தில் இருக்கும் தொலைபேசி எண்களை நம்பித் தொடங்கக் கூடாது. அவற்றில் பல மாறியிருக்கும். மாறாதவையும் நாம் நினைக்கும் ஆளிடம் இருக்காது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரி என்று புதிதாக ஒரு பதிவேடு எழுதுங்கள். வீட்டில் உள்ள தொலைபேசி யாருடையது, அது எந்த நேரத்தில் வீட்டில் இருக்கும், எத்தனை பிள்ளைகள் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள், வீட்டில் இணைய வசதி உண்டா, பெற்றோர் எந்த மொழியில் பேசினால் இயல்பாகப் பேசுவார்கள், அந்த எண் எடுபடாவிட்டால் அடுத்ததாக அழைக்கக்கூடிய உறவினரோ அண்டை வீட்டாரோ யார் என்ற ஆறு விவரங்கள் போதும். இதை இணையப் படிவமாக அனுப்பினால் இணையம் உள்ளவர்கள் மட்டுமே நிரப்புவார்கள். யாரைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டுமோ அவர்களே விடுபட்டுப்போவார்கள். ஆகவே நேரம் பிடித்தாலும் பேசித்தான் கேட்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் முதல் இரண்டு வாரம் ஒரு வகுப்புக்கும் வரவில்லை. ஆர்வம் இல்லாத பிள்ளை என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. அழைத்துக் கேட்டபோது, வீட்டில் இருந்த ஒரே தொலைபேசி காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புகிறது என்று தெரிந்தது. அன்றிரவு முதல் வகுப்பாசிரியர் எட்டு மணிக்குப் பத்து நிமிடம் அழைத்து அன்றைய பாடத்தின் சாரத்தைச் சொல்லத் தொடங்கினார். பதிவேட்டில் 'எந்த நேரத்தில்' என்ற ஒரு கட்டம் முதலிலேயே இருந்திருந்தால் அந்த இரண்டு வாரம் வீணாகியிருக்காது.

ஒரு மாணவருக்கு ஒரு பெரியவர்

வகுப்பாசிரியர் ஒருவரே நாற்பது பேரைக் கவனிக்க முடியாது. அலுவலகப் பணியாளர், நூலகர், ஆய்வக உதவியாளர், உடற்கல்வி ஆசிரியர் என்று பள்ளியில் சம்பளம் வாங்கும் எல்லாரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 600 மாணவர்கள், 45 பணியாளர்கள் என்றால் ஒருவருக்குப் பதின்மூன்று அல்லது பதினான்கு பேர்தான் வருவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் பேசுவதானால் வாரத்துக்கு ஏழு அழைப்புகள், ஏறத்தாழ எழுபது நிமிடம். இந்த நேரத்தைப் பணி நேரத்துக்குள்ளேயே தலைமையாசிரியர் ஒதுக்கித் தர வேண்டும்; 'முடிந்தபோது அழையுங்கள்' என்று விட்டால் இரண்டாவது வாரமே நின்றுவிடும். பிரிக்கும்போது, யாருக்கு எந்தப் பணியாளரோடு ஏற்கெனவே ஒட்டுதல் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. கணக்கில் பின்தங்கிய மாணவர் கணக்கு ஆசிரியரைவிடக் கால்பந்துப் பயிற்சி தருபவரிடம் மனம் திறப்பார்.

அழைப்பைப் பாடத்தில் தொடங்கக் கூடாது என்பது நாங்கள் பட்டுக் கற்றது. 'ஏன் வீட்டுப்பாடம் அனுப்பவில்லை?' என்று ஆரம்பித்தால் அடுத்த முறை அந்த எண் எடுபடாது. 'நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய்? இந்த வாரம் வகுப்பில் யாரோடு பேசினாய்?' என்று கேட்டால் பதில் வரும். இரண்டாவது கேள்விக்கு 'யாரோடும் இல்லை, சார்' என்ற பதில் வந்தால், அன்றே அதே வகுப்பில் அவருக்குப் பழக்கமான ஒருவரிடம் 'நீ ஒருமுறை கூப்பிட்டுப் பேசேன்' என்று சொல்லிவையுங்கள். பதின்பருவத்தில் ஆசிரியரின் அழைப்பைவிடத் தோழரின் அழைப்புக்கு வலு அதிகம். ஒவ்வொரு அழைப்புக்கும் தேதியோடு இரண்டு வரி எழுதிவைத்தால், அடுத்த முறை 'பாட்டிக்கு உடம்பு தேவலையா?' என்று தொடங்க முடியும்.

இதில் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தக் கூடாது. மாணவரோடு பேசுவது பெற்றோர் அறிந்த எண்ணில், பெற்றோர் அறிந்த நேரத்தில் நடக்க வேண்டும். ஆசிரியரும் மாணவரும் மட்டும் இருக்கும் தனிப்பட்ட அரட்டையோ, இரவு நெடுநேர உரையாடலோ கூடாது. வீட்டில் அடி, அச்சம், பட்டினி பற்றி ஒரு பிள்ளை வாய் திறந்தால் 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்களிக்கக் கூடாது. 'உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன்' என்று சொல்லி, அதற்கெனப் பள்ளி நியமித்த பொறுப்பாளரிடம் அன்றே தெரிவிக்க வேண்டும். அந்தப் பொறுப்பாளர் யார் என்பது முதல் அழைப்புக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அறிவிப்புகள்

வாட்ஸ்அப் குழுக்கள் தாமாகப் பெருகும். வகுப்புக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று என்று கிளைத்து, தேர்வுத் தேதி மாறியதைச் சொல்லும் செய்தி நாற்பது 'நன்றி டீச்சர்', முப்பது கைகூப்பும் பொம்மைகளுக்கு அடியில் புதைந்துபோகும். பள்ளியின் அறிவிப்புக்கு ஒரே குழு இருக்கட்டும். அதில் நிர்வாகி மட்டுமே செய்தி இடும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். மாலை ஆறு மணி போல ஒரே நேரத்தில், ஒரு நாளைக்கு ஒரே செய்தி வரும் என்று தெரிந்தால் மக்கள் அதைப் படிப்பார்கள். வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்காக அதையே ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் அனுப்புங்கள். குழு இல்லாமல் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலைப் பயன்படுத்துவதானால் ஒரு பொறி இருக்கிறது: பள்ளியின் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். அனுப்பியவருக்கு அனுப்பிவிட்ட நிறைவு இருக்கும். சேமிக்காத பெற்றோருக்கு ஒன்றுமே வந்திருக்காது.

திரையில் கூடும் நேரம்

வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தைப் பெயர் கூப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 'உள்ளேன்' என்ற பதிலோடு நிறுத்தாமல், ஜன்னலுக்கு வெளியே இப்போது என்ன தெரிகிறது என்பது போன்ற ஒரு சிறு கேள்வியை எல்லாருக்கும் பொதுவாக வையுங்கள். பேசக் கூச்சப்படுபவர் அரட்டைப் பெட்டியில் எழுதட்டும். கேமராவைத் திறக்கச் சொல்லி வற்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டுச் சுவரை நாற்பது பேருக்குக் காட்டுவது சாதாரண விஷயம் அல்ல. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதிய கட்டுரையில் காணொளிச் சந்திப்பின் களைப்புக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: அளவுக்கு மீறிய நெருக்கமான கண்பார்வை, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார்ந்திருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ள மனம் கூடுதலாக உழைப்பது. தன் முகம் தனக்குத் தெரியாதபடி மறைக்கும் வசதியைக் காட்டிக்கொடுத்து, பாதி நேரத்தில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னாலே பாதிக் களைப்பு குறையும் என்பது என் அனுபவம். காணொளியைவிடக் குரலுக்கு டேட்டா மிகக் குறைவாகவே செலவாகும் என்பதால், கேமரா இல்லாத வகுப்பு பல வீடுகளுக்கு உதவியாகவும் இருக்கும்.

காலைக் கூட்டத்தை வாரம் ஒருமுறையாவது நடத்துங்கள், ஆனால் சேர்ந்து பாடவைக்க முயல வேண்டாம். ஒலி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல 150 மில்லிநொடிக்குள் ஆனால் உரையாடலுக்கு இடைஞ்சல் இராது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. சேர்ந்து பாடுவதற்கோ அதில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமே தாளத்தைக் குலைக்கப் போதும். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போன எங்கள் முதல் கூட்டத்தில் சிரிப்பு வந்ததே தவிரப் பாட்டு வரவில்லை. ஒருவர் பாட மற்றவர்கள் மியூட்டில் வைத்துக்கொண்டு கூடவே பாடலாம். அல்லது தனித்தனியே பதிவு செய்து அனுப்பியவற்றை ஒரு மாணவர் குழு ஒன்றாகத் தொகுக்கலாம்.

இத்தகைய வேலைகளை மாணவர்களிடமே விடுவது நல்லது. பதினோராம் வகுப்பினர் வாரந்தோறும் பத்து நிமிட ஒலிச் செய்தி ஒன்றைத் தயாரிக்கலாம்: இந்த வாரப் பிறந்தநாட்கள், ஒரு ஆசிரியரின் நேர்காணல், காவலாளியிடமிருந்து மரத்தடி பெஞ்ச் எப்படி இருக்கிறது என்ற தகவல். ஒலிக்கோப்பு சிறியது, சாதாரண இணைப்பிலும் இறங்கும். புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்பினர் பள்ளியின் உள்ளேயே கால் வைத்திராதவர்கள். அவர்களில் நால்வருக்கு ஒருவர் என்று மேல்வகுப்பு மாணவரை நியமித்து, ஓர் ஆசிரியரும் இருக்கும் குழு அழைப்பில் வாரம் ஒருமுறை பேசவைத்தால், பள்ளி திறக்கும் நாளில் அவர்களுக்குத் தெரிந்த குரல் ஒன்றாவது அங்கே இருக்கும்.

இணையமே இல்லாதவர்களுக்கு

இவர்களுக்குத் தாள்தான் வழி. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் பள்ளி வாசலில் அந்த வாரப் பயிற்சித் தாள்களை வாங்கிக்கொண்டு, முந்தைய வாரத் தாள்களைத் திருப்பித் தரும்படி ஏற்பாடு செய்யுங்கள். திருத்திய தாளில் மதிப்பெண்ணோடு கையால் எழுதிய ஒரு வரியும் இருக்கட்டும். வாசலுக்கு வர முடியாதவர்களுக்கு அதே பகுதியில் வசிக்கும் வகுப்புத் தோழரின் பெற்றோர் எடுத்துச் செல்ல ஒப்புவார்கள். கேட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தாள் வாங்க வராதவர்களின் பெயர்களை அன்று மாலையே அவரவரை அழைத்துப் பேசும் பணியாளரிடம் தர வேண்டும்.

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகளின் வீட்டுக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அதை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். வாரத்தில் அரை மணி நேரம் ஐந்தாறு பேராகக் கூடி, நிகழ்ச்சிநிரல் எதுவும் இல்லாமல் பேசட்டும். தலைமையாசிரியர் அதில் இல்லாமல் இருப்பது இன்னும் நல்லது.

பள்ளி மீண்டும் திறக்கும்போது இந்த ஏற்பாட்டை உடனே கலைத்துவிட வேண்டாம். முதல் நாள் காலையில் வகுப்புக்குள் அனுப்புவதற்கு முன், மாணவர்களை அவரவரை அழைத்துப் பேசிய பணியாளரோடு அரை மணி நேரம் உட்காரவையுங்கள். பலர் அந்தக் குரலுக்குரிய முகத்தை அன்றுதான் பார்ப்பார்கள். வராதவர்களின் பட்டியல் ஒன்பதரை மணிக்குள் தயாராகிவிடும். அவர்களை அழைக்க வேண்டியவர் யார் என்பது பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும்.